பென்ஷன் வாங்கும் படைவீரரும் மனைவியும்: இசிஎச்எஸ் போதுமா, தனியார் பாலிசியும் வேண்டுமா?

"இசிஎச்எஸ் கார்டு இருக்கிறது. அதற்கு மேல் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டுமா?" இசிஎச்எஸ் என்பது முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் திட்டம். அவர்களின் வீடுகளிலிருந்து வரும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். இதன் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும். "2003-க்கு முன்பே வெளியே வந்தவன். மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வருகிறது. அதை விட்டுவிட்டு இசிஎச்எஸ்ஸில் சேரலாமா?" "எழுபது வயதாகிவிட்டது. ஆயுஷ்மான் அட்டை இலவசம் என்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?"

கேட்பவர் பெரும்பாலும் கணவர். பதில் அதிகம் தேவைப்படுவதோ மனைவிக்கு. சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிடுகிறார். மனைவி அவரைவிடச் சில வயது இளையவர். இருவருமாக இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் மருத்துவச் செலவைச் சமாளிக்க வேண்டும். அதில் கடைசிச் சில ஆண்டுகளை அந்த அம்மா தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கலாம். அதனால் இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் நான் நிறுத்துப் பார்ப்பது, கணவர் இல்லாத காலத்திலும் அது மனைவிக்குப் பயன்படுமா என்ற கேள்வியை முன்னே வைத்துத்தான். ஏஜென்ட்டுகள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. நாமும் அபசகுனம் என்று தள்ளிவைத்துவிடுகிறோம்.

இங்கே பேசுவது ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றிலிருந்து ஓய்வூதியத்துடன் வந்தவர்களைப் பற்றி. அக்னிவீரர்களின் கதை வேறு. நான்கு ஆண்டுகள் முடித்து வெளியேறுபவருக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும். ஓய்வூதியம் கிடையாது, இசிஎச்எஸ்ஸும் கிடையாது. அவர்கள் வெளியேறும் கையோடு தனியார் பாலிசி ஒன்றை எடுத்துவிடுவதே சரி. இருபத்தைந்து வயதுக்குள் பிரீமியமும் குறைவு, மறைக்க நோயும் இருக்காது.

எதை வைத்து முடிவு செய்வது?

தூரம்தான் முதல் அளவுகோல். இசிஎச்எஸ்ஸின் வெளிநோயாளி மையமான பாலிகிளினிக் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, இசிஎச்எஸ் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பவை இரண்டு தனிக் கேள்விகள். முதலாவது மாத்திரை வாங்கும் நாளைத் தீர்மானிக்கிறது. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் இரண்டாவதுதான் கணக்கு.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் நோய். சர்க்கரை, ரத்த அழுத்தம், பணிக்காலத்தில் அடிபட்ட முழங்கால் என்று எதுவாக இருந்தாலும் அதற்கு முதல் நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்குமா, காத்திருக்கச் சொல்வார்களா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தினசரி மருந்து. மாதாமாதம் ரத்தம் சொட்டுவதுபோல் பணம் கரைவது மருந்துக் கடையில்தான். பெரும்பாலான காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும்.

நான்காவது உச்சவரம்பு, எத்தனை லட்சம் வரை என்பது.

ஐந்தாவதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: குடும்ப ஓய்வூதியத்திலிருந்து இந்தச் செலவைக் கட்ட முடியுமா? ஓய்வு பெற்றவர் இறந்தால் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமாக, கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதத்துக்கு மிகாத உயர்த்தப்பட்ட தொகை முதலில் வரும். அது 7 ஆண்டுகளுக்கு, அல்லது கணவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள் வரை, இதில் எது முன்னதோ அதுவரை மட்டுமே. பிறகு 30 சதவீதம். கணவர் 67-க்கு மேல் இறந்தால் முதல் நாளிலிருந்தே 30 சதவீதம்தான். அவர் வாங்கியது கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால், 100 ரூபாய் வந்த வீட்டுக்கு இனி சுமார் 60 ரூபாய் வரும். தனியார் பிரீமியமோ அதே காலத்தில் வயதோடு ஏறிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு கோடுகளும் எந்த வயதில் ஒன்றையொன்று வெட்டும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பாலிசி வாங்குங்கள்.

இசிஎச்எஸ்: முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்

2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு இது கட்டாயம். ஓய்வுக்காலப் பலன்களிலிருந்தே பங்களிப்பைப் பிடித்துக்கொள்வார்கள். 2017 டிசம்பர் இறுதியில் திருத்தியமைக்கப்பட்ட விகிதப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். மருத்துவமனையில் எந்த அறை என்பதும் இதே வரிசைதான்: பொது வார்டு, பகுதித் தனியறை, தனியறை. இது ஒருமுறைப் பணம். ஆண்டுச் சந்தா கிடையாது, மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பு கிடையாது, சிகிச்சைச் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பும் கிடையாது. பழைய நோய்க்கும் அன்றே சிகிச்சை. சந்தையில் விற்கும் எந்தப் பாலிசியும் இதன் பக்கத்தில் வர முடியாது.

மனைவிக்கு இது வாழ்நாள் பாதுகாப்பு. கணவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அவரே முதன்மை உறுப்பினர் ஆகிறார். மறுபடி பங்களிப்பு கட்ட வேண்டியதில்லை. மேலே சொன்ன ஐந்தாவது அளவுகோலில் இசிஎச்எஸ் முழு மதிப்பெண் வாங்குவது இதனால்தான். வேலையில்லாத மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணமோ வேலையோ ஆகும் வரை, மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. படைவீரரின் பெற்றோர் வருமான வரம்புக்குள் இருந்தால் சேர்க்கலாம். மனைவியின் பெற்றோருக்கு இடமில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பாலிகிளினிக்கில் காலையில் டோக்கன் வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டான ரெஃபரலை எழுதி வாங்கி, மருந்து கவுண்டரில் நின்று வெளியே வர அரை நாள் ஆகும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு ஒரு முழு நாள். சீட்டில் ஐந்து மருந்து எழுதியிருந்தால் மூன்று கிடைக்கும். மீதி இரண்டின் எதிரே "இல்லை" என்று குறித்துக் கொடுப்பார்கள். அவற்றை வெளியே வாங்கி, பில்லை வைத்துப் பணம் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பணம் வராமல் போவதில்லை. வரும் நாளைத்தான் சொல்ல முடியாது. 400 ரூபாய் பில்லுக்கு அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அந்தத் தொகையை எல்லாம் ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் சிறிய பிரீமியம் அளவுக்கு வந்துவிடும்.

அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை என்ற பலகையை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். அங்கீகாரம் மருத்துவமனைக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, துறைவாரியாகக் கொடுக்கப்படுகிறது. கண் சிகிச்சைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் போய் நிற்க முடியாது. தவிர, பில் பணம் அரசிடமிருந்து தாமதமாக வருகிறது என்று சில மருத்துவமனைகள் முகம் சுளிப்பதும், "பெட் இல்லை" என்று நாசூக்காகத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் உங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனையின் இசிஎச்எஸ் கவுண்டருக்குப் போய், எந்தெந்தத் துறைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அவசரம் என்றால் ரெஃபரல் இல்லாமலே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சேரலாம். அட்டையைக் காட்டினால் போதும், மேற்கொண்டு தகவல் அனுப்புவது அவர்கள் வேலை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர நேர்ந்தால்தான் சிக்கல். 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். பிறகு திரும்பக் கிடைப்பது, மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் கட்டண அளவில் மட்டுமே. தனியார் மருத்துவமனை 6 லட்சம் பில் போட்டிருக்க, சிஜிஎச்எஸ் விகிதத்தில் அது 3 லட்சம் என்றால் மீதி 3 லட்சம் உங்கள் கைக்காசு. இசிஎச்எஸ்ஸில் உண்மையான ஓட்டை இதுதான். இரண்டாவது காப்பீடு எதற்காவது தேவையென்றால் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

வேலூர், கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் அல்லது அவற்றின் பக்கத்தில் வசிப்பவர்களுக்கும், ஏற்கெனவே நோய் உள்ள தம்பதிக்கும், தனித்து வாழும் விதவைக்கும் இசிஎச்எஸ் மட்டுமே போதும் என்பது என் கருத்து. பெங்களூரில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கினாலும் அங்குள்ள பாலிகிளினிக்கில் காட்டிக்கொள்ளலாம். 75 வயதைத் தாண்டியவர்கள் ரெஃபரல் இல்லாமலே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம்.

மருத்துவப்படி: மாதம் 1,000 ரூபாய்

இந்தத் தேர்வு 2003 ஏப்ரலுக்கு முன் ஓய்வு பெற்று, இன்னும் இசிஎச்எஸ்ஸில் சேராதவர்களுக்கு மட்டும். 2017 ஜூலையிலிருந்து மாதம் 1,000 ரூபாய். இசிஎச்எஸ்ஸில் சேர்ந்தால் நின்றுவிடும்.

ஆண்டுக்கு 12,000 ரூபாய் சுளையாக வருகிறதே என்று தயங்குவதில் நியாயம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் போடுகிறவருக்கு, பாலிகிளினிக்கே இல்லாத ஊரில், அந்தப் பணம் கையில் இருப்பது வசதிதான். ஆனால் 2003-க்கு முன் வந்தவருக்கு இப்போது வயது பெரும்பாலும் அறுபதை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஒரு ஆஞ்சியோபிளாஸ்டி பல ஆண்டுப் படியை ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். பங்களிப்புக் கணக்கும் பயமுறுத்துவதாக இல்லை. ஹவில்தார் ஒருவர் கட்ட வேண்டிய 30,000 ரூபாய் என்பது 30 மாதப் படி. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அதுவும் கிடையாது, இலவசமாகவே சேரலாம்.

பாலிகிளினிக் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இந்தத் தேர்வில் நான் படியின் பக்கம் நிற்க மாட்டேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டாவது வேலையிலிருந்தோ மனைவியின் அரசுப் பணியிலிருந்தோ இருவருக்கும் வாழ்நாள் மருத்துவத் திட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தால் படியை வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லாமல் வெறும் சோம்பலால் தள்ளிப்போடுகிறவர்கள் மனைவியின் பாதுகாப்பை மாதம் 1,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு: 5 லட்சம், 10 லட்சம் பாலிசிகள்

இதன் பலம் தேர்வு செய்யும் சுதந்திரம். ரெஃபரல் வேண்டாம், நிறுவனத்தின் பட்டியலில் உள்ள எந்த மருத்துவமனையிலும் சேரலாம், விரும்பிய அறை எடுக்கலாம். 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை மாற்றிய பிறகு 65 வயது தாண்டியவர்களும் புதிதாகச் சேர முடிகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடியைத் தவிர வேறு காரணம் சொல்லிப் பழைய விவரங்களைக் கிளற முடியாது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை.

இருந்தும் படைவீரர் குடும்பத்துக்கு இது கொஞ்சம் வழுக்கும் தரை.

அறுபது வயதில் புதிதாக எடுப்பவருக்குப் பிரீமியம் ஏற்கெனவே கனம். மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் கட்டுப்பாடு வந்தது. நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினாலே ஏழெட்டு ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். 30 சதவீதக் குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் பெண் அதைக் கட்டுவாரா? பெரும்பாலும் எழுபதை ஒட்டி, மிகவும் தேவைப்படும் நேரத்தில், பாலிசி காலாவதியாக விடப்படுகிறது. அதுவரை கட்டிய பணமெல்லாம் போனதுதான்.

அடுத்தது பழைய நோயை மறைப்பது. "ஒன்றும் இல்லை என்று போடுங்கள், சார்" என்று படிவத்தை ஏஜென்ட்டே நிரப்பித் தருவார். படையிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் மருத்துவ வாரிய ஆவணம் இருக்கிறது. எந்தக் குறைபாடு, எந்தப் பிரிவு என்பது அதில் எழுத்தில் உள்ளது. ஊன ஓய்வூதியம் வாங்குகிறவருக்குப் பணம் வருவதே அதன் பேரில்தான். முதுகெலும்புக் குறைபாட்டுக்கு ஊன ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே "முதுகு வலி இல்லை" என்று கையெழுத்திட்டால், கோரிக்கை நாளில் நிறுவனம் தேடி அலைய வேண்டியதே இல்லை. உங்கள் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வே சாட்சி.

பாலிசி வாசகத்தில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. இணைப் பங்கீடு, அதாவது ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை, மூத்தோர் பாலிசிகளில் சகஜம். அறை வாடகை வரம்பு இன்னும் மோசம். வரம்பு 5,000 ரூபாயாக இருக்க 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகை வித்தியாசத்தை மட்டும் கழிப்பதோடு நிறுத்த மாட்டார்கள். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, மூத்த குடிமக்கள் பிரீமியத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வரிக் கழிவு உண்டு. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இல்லை.

யாருக்கு இது சரி? நாற்பதில் ஓய்வு பெற்று, இன்னொரு வேலையில் இருக்கிற, நோயற்ற தம்பதிக்கு. பிரீமியம் குறைவு, காத்திருப்புக் காலம் ஆரோக்கியமாக இருக்கும்போதே கழிந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை எதுவும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இல்லாதவர்களுக்கும் இதைச் சொல்வேன். அறுபத்தைந்து வயதில், சர்க்கரை நோயோடு, கையில் இசிஎச்எஸ் கார்டும் இருக்கும்போது புதிதாக 5 லட்சம் பாலிசி எடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சூப்பர் டாப்-அப்: அதிகம் பேசப்படாத வழி

இதில் ஒரு கழிவுத் தொகை இருக்கும். 3 லட்சம் கழிவு, 15 லட்சம் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் மொத்த மருத்துவமனைச் செலவு 3 லட்சத்தைத் தாண்டும் வரை பாலிசி கண் திறக்காது. தாண்டியதும் மீதியைக் கொடுக்கும். முதல் 3 லட்சத்தின் பாரம் நிறுவனத்துக்கு இல்லாததால், முழு பாலிசியைவிடப் பிரீமியம் வெகுவாகக் குறையும். வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. முன்னது ஒவ்வொரு முறை சேரும்போதும் தனித்தனியாகக் கழிவைக் கணக்கிடும்; பின்னது ஆண்டு முழுவதும் கூட்டிக் கணக்கிடும். வயதானவர்கள் ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று முறை சேர நேர்வதால் பின்னதைத்தான் எடுக்க வேண்டும்.

இசிஎச்எஸ் உறுப்பினருக்கு இது ஏன் பொருந்துகிறது? வழக்கமான சிகிச்சையும் மாத்திரையும் இசிஎச்எஸ்ஸில் நடக்கின்றன. அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்ந்து பெரிய பில் வந்தால் மட்டுமே இரண்டாவது கை தேவை. சிறிய பில்லுக்கான முழு பாலிசி அங்கே வீண். பெரிய பில்லுக்கான சூப்பர் டாப்-அப் கச்சிதம்.

ஆனால் கழிவுத் தொகை உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை ஒப்படைத்து மொத்தப் பணம் வாங்கியிருப்பீர்கள். அதில் 3 லட்சத்தை மனைவியும் நீங்களும் கூட்டாக இயக்கும் வைப்புநிதியில், 'இருவரில் யாரும் எடுக்கலாம்' என்ற நிபந்தனையோடு போட்டுவையுங்கள். வீடு கட்டும்போதும் மகள் கல்யாணத்தின்போதும் அதன் மேல் கண் போகும். போகக் கூடாது.

இதிலும் பழைய நோய்க்குக் காத்திருப்பு உண்டு. வாங்குமுன் நிறுவனத்திடம் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: செலவின் ஒரு பகுதியை இசிஎச்எஸ் திருப்பித் தந்தால், அந்தத் தொகையும் கழிவுக் கணக்கில் சேருமா? அசல் பில்களை இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது. இரண்டிலும் சேர்த்து உண்மைச் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க முடியாது. எதை முதலில், எந்தச் சான்றோடு கொடுப்பது என்ற பதில் கையில் இருந்தால் மருத்துவமனை வராந்தாவில் குழம்ப வேண்டியதில்லை.

இலவச அட்டைகளும் வேலையோடு வரும் திட்டங்களும்

2024 அக்டோபர் 29-இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, 70 வயது தாண்டிய எவருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. குடும்பத்தில் இருவர் எழுபதைத் தாண்டியிருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது. இசிஎச்எஸ் போன்ற அரசுத் திட்டத்தில் இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். வரம்பில்லாத, மாத்திரையும் தருகிற திட்டத்தைக் கொடுத்துவிட்டு, 5 லட்சத்தோடு நிற்கிற, வெளிநோயாளிச் சிகிச்சை இல்லாத அட்டையை வாங்குவது நல்ல மாட்டை விற்றுச் சாணியை வாங்குவது மாதிரி. முகாமில் யாராவது ஆதாரைக் கேட்டால் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இந்த அட்டை பயன்படும் இடம் வேறு. இசிஎச்எஸ்ஸில் இடமில்லாத மாமனார், மாமியாருக்கும், வருமான வரம்பால் விடுபட்ட உங்கள் பெற்றோருக்கும் எழுபது தாண்டியிருந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியமே 9,000 ரூபாய். அகவிலை நிவாரணத்தைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

வங்கிக் காவலர், ஆலைப் பாதுகாவலர் என்று வேலை பார்ப்பவர்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ இருக்கும். மாநில அரசுப் பணிக்குப் போனவர்களுக்குச் சம்பளத்தில் சந்தா பிடித்து அரசு ஊழியர் காப்பீடு இருக்கும். இவை இருக்கும் வரை மூன்றாவதாகத் தனியார் பாலிசி வேண்டாம். இஎஸ்ஐ பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| | இசிஎச்எஸ் | மருத்துவப்படி | தனியார் பாலிசி | சூப்பர் டாப்-அப் | வய வந்தனா |
|---|---|---|---|---|---|
| யாருக்கு | ஓய்வூதியரும் சார்ந்தோரும் | 2003 ஏப்ரலுக்கு முந்தைய ஓய்வூதியர் | யாரும் | யாரும் | 70 தாண்டியவர் |
| செலவு | ஒருமுறை 30,000 முதல் 1,20,000 ரூபாய் | இல்லை | ஆண்டு பிரீமியம், வயதோடு ஏறும் | குறைந்த பிரீமியம், கழிவுத் தொகை கைக்காசு | இல்லை |
| பழைய நோய் | முதல் நாளிலிருந்து | கேள்வியே இல்லை | 36 மாதம் வரை காத்திருப்பு | 36 மாதம் வரை காத்திருப்பு | முதல் நாளிலிருந்து |
| தினசரி மருந்து | உண்டு | படியிலிருந்து | பெரும்பாலும் இல்லை | இல்லை | இல்லை |
| உச்சவரம்பு | இல்லை | மாதம் 1,000 | எடுத்த தொகை வரை | எடுத்த தொகை வரை | ஆண்டுக்கு 5 லட்சம் |
| கணவருக்குப் பின் மனைவிக்கு | தொடரும், செலவில்லை | குடும்ப ஓய்வூதியத்தோடு வரும் | பிரீமியம் கட்டினால் தொடரும் | பிரீமியம் கட்டினால் தொடரும் | 70 தாண்டியிருந்தால் |
| பெரிய தொல்லை | தூரம், ரெஃபரல், தாமதம் | பெரிய நோய்க்குப் போதாது | பிரீமிய ஏற்றம், நுணுக்க நிபந்தனைகள் | கழிவுத் தொகை | இசிஎச்எஸ்ஸை விட வேண்டும் |

குழுக் காப்பீட்டை மருத்துவக் காப்பீடாக நினைக்க வேண்டாம்

"ஆர்மி இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருப்பது, 1976-இல் தொடங்கிய ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியை மனத்தில் வைத்து. ஓய்வுக்குப் பிறகு நீட்டிக்கப்படும் அந்தப் பாதுகாப்பு ஆயுள் காப்பீடு. படைவீரர் இறந்தால் பணம் வரும், மருத்துவமனைக்கு ஒன்றும் தராது. குறிப்பிட்ட வயதோடு முடிந்தும்விடும். ஓய்வூதியக் கணக்கோடு வங்கிகள் தரும் விபத்துக் காப்பீடும் அப்படித்தான்: விபத்துக்கு மட்டும், மாரடைப்புக்கு இல்லை. இரண்டும் நல்லவையே. முடிவுத் தேதியும் தொகையும் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்குள் இருக்கும் மனைவிக்கு ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமர் ஜீவன் ஜோதியும், 20 ரூபாயில் சுரக்ஷா விபத்துக் காப்பீடும் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் 2 லட்சம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மனைவியின் பெயர் சரியாக இருக்க வேண்டும்

மேலே சொன்ன எல்லாமே ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலில் தொங்குகின்றன. கல்யாணமானபோது ரெஜிமென்ட் அலுவலகத்தில் வடநாட்டு கிளார்க் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான், படைவீரரின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி அம்மாள்', வங்கிக் கணக்கில் கணவரின் பெயரை ஒட்டிக்கொண்ட இன்னொரு வடிவம். முன்னெழுத்து சில இடங்களில் அப்பாவுடையது, சில இடங்களில் கணவருடையது. பிறந்த தேதியாகப் பலருக்கு ஜனவரி 1 அல்லது ஜூலை 1. கணவர் இருக்கும்போது இதைச் சரிசெய்வது, பிரமாணப் பத்திரமும் சில சான்றுகளும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு கடிதமுமாக முடிந்துவிடும். அவருக்குப் பிறகு அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை குடும்ப ஓய்வூதியம் நிற்கும், இசிஎச்எஸ் அட்டை மாற்றமும் நிற்கும்.

படை ஓய்வூதியத்துக்கான இணையதளமான ஸ்பர்ஷில் உங்கள் கணக்கைத் திறந்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கணினி பழக்கமில்லாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். ஓய்வுக்குப் பிறகு திருமணம் அல்லது மறுமணம் செய்தவர்கள், பி.பி.ஓ.வில் மனைவியின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரு கோப்பு போதும். பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக், இருவரின் இசிஎச்எஸ் அட்டை, குழுக் காப்பீட்டுச் சான்றிதழ், தனியார் பாலிசி இருந்தால் அதன் அட்டை, கூட்டுக் கணக்கு விவரம். கோப்பின் முதல் தாளில் பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணையும், அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கே தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது அந்த போனைச் செய்யப் போவது அவர்தான்.